மொட்டைக் கண்டக்டர் தருமன்

அண்ணனுடைய பதினாறாம் நாளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மாலை மாட்டுவதற்கு. தகரப் பெட்டிகளை எல்லாம் இறக்கித் தேடியதில் மூன்று கிடைத்தன. ஒன்று கண்டக்டர் லைசென்சில் ஒட்டியிருந்த கட்டைவிரல் அளவுப் படம். ஆபீஸ் முத்திரை பாதி முகத்தில் விழுந்திருந்தது. இன்னொன்று சித்தப்பா மகன் பலராமன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. மூன்றாவதை அண்ணி உண்ணாமலை தன் பெட்டியின் அடியிலிருந்து, பழைய செய்தித்தாளில் சுற்றியபடியே எடுத்துக் கொடுத்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள் அவள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

பிரித்துப் பார்த்தேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கிறேன். அதில் என் அண்ணன் தருமனுக்குத் தலை நிறைய முடி இருந்தது. நெற்றியில் ஒரு சுருள் கூட விழுந்திருந்தது.

அந்த முடியில் முக்கால்வாசி அவருடையது இல்லை. ஆரணி பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் திருமலை வரைந்தது. அது எப்படி வந்தது, எங்கே போய் முடிந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. மற்றபடி அண்ணனைப் பற்றிச் சொல்ல ஊருக்குத் தெரியாத விஷயம் அதிகம் இல்லை. பத்தொன்பது வருடம் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் போய்வரும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். தங்கை என்னை செய்யார் காலேஜில் பி.ஏ. படிக்க வைத்தார். போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். முப்பத்தொன்பது வயது. அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் முன்னந்தலையும் உச்சியும் காலியாகிவிடும். காதுக்கு மேலேயும் பிடரியிலும் மட்டும் ஒரு வளையம் போல நிற்கும். இது எங்களுக்கே ரொம்ப நாள் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தாத்தா கழனியில் கூலிக்குப் போனவர். தலையில் முண்டாசு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. அப்பா ரைஸ்மில்லில் நெல் அவித்துக் கொட்டுகிறவர். தவிட்டுத் தூசிக்காகத் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார். மில் தொட்டியிலேயே குளித்துவிட்டு, வேறு துண்டைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். தூங்கும்போதும் அது இருக்கும். துண்டோடு சேர்ந்ததுதான் அப்பாவின் தலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1968-இல் அவர் இறந்தபோது, குளிப்பாட்டுவதற்காகத் துண்டை அவிழ்த்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. வேறு யாரையோ கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சித்தப்பாவும் அப்படித்தான். அவர் பட்டுத்தறி நெய்கிறவர். சித்தி காசியம்மாள் பிற்பாடு ஒருநாள் சொன்னாள்: “எனக்குத் தாலி கட்டன மூணாம் நாளுதான் உங்க சித்தப்பன் தலையப் பாத்தேன். பாத்து இன்னா பண்றது? சோறு வடிக்கப் போயிட்டேன்.”

அவர்களுக்குத் துண்டு இருந்தது. அண்ணன் காலத்தில் துண்டு போய் சீப்பு வந்துவிட்டது. பையன்கள் காதை மூடி, சட்டைக் காலரைத் தொடுகிற மாதிரி முடி வளர்த்தார்கள். எல்லார் பின் பாக்கெட்டிலும் ஒரு சீப்பு எட்டிப் பார்க்கும். அண்ணனும் வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், இருபத்தோரு வயதில், அந்தச் சீப்பில் முடி வர ஆரம்பித்தது. தலையணையில், குளிக்கிற வாளியில், சோற்றுத் தட்டில். அம்மா முதலில் தண்ணீரைக் குறை சொன்னாள். அப்புறம் பஸ்ஸின் சூட்டைச் சொன்னாள். அப்பாவின் தலையைப் பற்றி அவள் சொல்லவே இல்லை.

இருபத்து மூன்றில் அண்ணன் இடது பக்கத்து முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் வைத்து, உச்சிக்கு மேலாக வலது பக்கம் ஒட்டவைத்துச் சீவினார். வீட்டில் அது சரியாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் இல்லை. அவருடைய டிரைவர் ராமதாஸ், அவருக்கு ஐந்தாறு வயது மூத்தவர், கூட்டாளி, வாயைக் கட்டத் தெரியாதவர். வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கத்துவார்:

“டேய் தருமா, வண்டி மூவ் ஆனா உன் மூடி தெறந்துக்குதுடா! ஒரு தாப்பா போட்டுக்கோ!”

வண்டியே சிரிக்கும். அண்ணனும் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். மறுநாளிலிருந்து கம்பெனி கொடுத்த காக்கித் தொப்பியைப் போட ஆரம்பித்தார். மற்ற கண்டக்டர்கள் அதை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வருவார்கள்.

வைத்தியமும் நடந்தது. கரிசலாங்கண்ணி எண்ணெய், செம்பருத்தி இலை, வெந்தயம். சின்ன வெங்காயத்தை நறுக்கி ராத்திரியெல்லாம் தேய்த்துவிட்டு விடியற்காலை டூட்டிக்குப் போனார். முதல் ஸ்டாப்பில் ஏறிய கிழவர் மூக்கை உறிஞ்சி, “யார்ரா அது காலங்காத்தால பக்கோடா துன்றது?” என்று கேட்டாராம். வந்தவாசிப் பக்கத்து வைத்தியர் ஒருவர் கறுப்பாக ஒரு தைலம் கொடுத்தார். தலையணைதான் கறுத்தது.

இதற்கிடையில் பெண் பார்த்தார்கள். மூன்று இடம் வந்து நின்றுபோனது. யாரும் காரணத்தை நேராகச் சொல்லவில்லை. செய்யார்க்காரர்கள் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்கள்: “மாப்ளைக்கு இது மொதல் தாரந்தானே?” அண்ணனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காசியம்மாள் சித்திதான் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“ஆள நேர்ல காட்னாத்தான பேஜாரு? போட்டோவக் குடுத்து அனுப்புவோம். திருமலைகிட்ட சொன்னா முடி வரைஞ்சி குடுப்பான். எம் பெரிய மவளுக்கு போட்டோல மருவ எடுத்துக் குடுத்தான், தெரியல?”

திருமலை பென்சிலும் சின்ன பிரஷ்ஷும் வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார். கொஞ்சம் தாராளமாகவே வரைந்துவிட்டார். அந்தப் படம் ஆனி மாதம் வந்தவாசிக்கு ஐந்து மைல் முன்னால், கூட்டு ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கவேண்டிய ஒரு ஊருக்குப் போனது. அங்கே சுப்பராயலு என்கிற விவசாயியின் மகள்தான் உண்ணாமலை. பதினைந்து நாளில் தகவல் வந்தது. மாப்பிள்ளையின் முகவெட்டு பிடித்திருக்கிறது, ஆவணி பிறந்ததும் வந்து பெண்ணைப் பாருங்கள் என்று.

இப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது. படத்தில் இருக்கிற தலைக்கும் போகப்போகிற தலைக்கும் என்ன பதில்? மறுபடியும் சித்திதான்.

“ஆடி வெள்ளி வருது. படவேட்டுக்குப் போயி மொட்ட அடிச்சிக்கோ. சந்தனத்தப் பூசிகினு போயி உக்காரு. மொட்டைல எது முடி இருந்த எடம், எது இல்லாத எடம்னு எவன் கண்டுபுடிப்பான்?”

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் மொட்டைத் தலை பெரிய விஷயம் இல்லை. படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடி கொடுக்கிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஆனால் வெறும் மொட்டையோடு பெண் பார்க்கப் போகக்கூடாது. வீட்டில் சாவு என்று நினைத்துவிடுவார்கள். தலையில் சந்தனம் இருந்தால் வேண்டுதல் என்று பார்த்ததும் தெரியும். கேள்வி வராது. யோசனை பிசகில்லாமல்தான் இருந்தது. அம்மா மட்டும், “சாமி பேர்ல பொய் வேணான்டா” என்றாள். அண்ணன் அவளைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். கடைசி வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு படவேட்டுக்குப் போனார்.

வரிசையில் உட்கார்ந்து அவர் முறை வந்தபோது, முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டு ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார்.

“தம்பி, உனுக்கு எதுக்குப்பா இந்த வேண்டுதலு? ஆத்தா முன்னாடியே முக்கால்வாசி வாங்கிகினாளே!”

பக்கத்தில் குழந்தைக்கு மொட்டை அடிக்க உட்கார்ந்திருந்த பெண் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. குனிந்த தலையைத் தூக்கவும் இல்லை.

நான்காம் நாள் பெண் பார்க்கப் போனோம். சுப்பராயலு நல்ல மனிதர். மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், நெல்லும் போடுகிறவர், பேச்சு குறைவு. பேசியதெல்லாம் உண்ணாமலையின் அத்தை.

“ஏம்பா, போட்டோல சுருட்டையா எவ்ளோ அழகா கீது. அத்தப் போயி குடுத்துட்டியே. இன்னா வேண்டுதலு?”

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். எனக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் போகிறவள் என்கிற தைரியம். முந்திக்கொண்டேன்.

“அம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியாம இருந்துச்சிங்க. பொழைச்சா முடி தரேன்னு அண்ணன் வேண்டிகினாரு.”

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பெத்தவளுக்காகக் குடுத்த புள்ள! பொண்ண எப்டி வச்சிக்குவான் பாத்துக்குங்க!” சுப்பராயலு முகம் மலர்ந்து, “அதுக்கின்னா, தைக்குள்ள நல்லா வளந்துடும்” என்றார். உண்ணாமலை காப்பித் தட்டோடு வந்தாள். அண்ணனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். தை மாதம் கல்யாணம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கூட்டு ரோட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் என்னிடம், “அம்மா ஒடம்ப ஏன் இழுத்த?” என்று கேட்டார்.

“வேற இன்னாண்ணா சொல்றது?”

அவர் காய்ந்த சந்தனத்தின்மேலே தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

ஐந்து மாதம் இருந்தது. தைக்குள் வளர்ந்தாக வேண்டும், வளரப்போவதில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். சித்தியிடம் அதற்கும் திட்டம் இருந்தது. கார்த்திகைக்குத் திருவண்ணாமலையில் இன்னொரு மொட்டை. தையில் மணவறையில் மாப்பிள்ளைத் தலைப்பாகை. “தாலி ஏறிடுச்சின்னா அப்புறம் எவன் வந்து எண்ணப்போறான்? நான் குடும்பம் பண்ணல?” சித்தியைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு நடந்ததைத்தான் அவள் சொன்னாள்.

அண்ணனுக்குத்தான் தூக்கம் போனது. அந்த ரூட்டில்தான் தினமும் நாலு நடை. கூட்டு ரோடு வரும்போதெல்லாம் பின் படிக்கட்டுக்கு நகர்ந்து முகத்தை மறைத்துக்கொள்வாராம். ராமதாஸ் கூடக் கிண்டலை நிறுத்திவிட்டார்.

தீபாவளி கழிந்து பத்து நாளில் சுப்பராயலு வண்டியில் ஏறினார். கூரைப் புடவைக்கு என்ன கலர் என்று பேசுவதற்காக எங்கள் வீட்டுக்குத்தான் புறப்பட்டிருந்தார். அன்று நடந்ததை ராமதாஸ் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்னால் லாங் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சுப்பராயலு வாஞ்சையாகக் கூப்பிட்டிருக்கிறார்.

“மாப்ள, அந்தத் தொப்பியத்தான் கொஞ்சம் எடுங்களேன். எவ்ளோ வளந்துகீதுன்னு பாத்துட்டுப் போயி சொல்றேன். வூட்ல பொம்பளைங்க கேட்டுகினே கீறாங்க.”

டூட்டியில் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஸ்டாப் வருகிறது என்று பின்னால் போயிருக்கலாம். ராமதாஸே காப்பாற்றுவதற்காக ஒரு பிரேக் போட்டுப் பார்த்தாராம். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தொப்பியை எடுத்தார். மூன்று மாதத்து முடி காதோரமும் பிடரியிலும் கறுகறுவென்று வளர்ந்திருந்தது. உச்சி உள்ளங்கை மாதிரி இருந்தது.

“இவ்ளோதாங்க மாமா வளரும்” என்றார்.

சுப்பராயலுவுக்கு முதலில் புரியவில்லை. “அப்ப போட்டோல?”

“அது ஸ்டூடியோல வரைஞ்சதுங்க.”

“மொட்ட அடிச்சது?”

“இத மறைக்கத்தாங்க. அம்மாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.”

வண்டியில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை என்று ராமதாஸ் சொல்வார். சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, “நிறுத்துங்க” என்றார். ஆரணி வரைக்கும் டிக்கெட் வாங்கியவர் பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் இறங்கி, திரும்பிப்போகிற வண்டிக்காக ரோட்டைத் தாண்டி நின்றார்.

வீட்டில் அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். “ரெண்டே ரெண்டு மாசம் அந்தத் தொப்பிய மண்டைல வச்சிகினு இருக்கக்கூடாதாடா? இனிமே எவன் குடுப்பான் ஒனக்குப் பொண்ணு?” அண்ணன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, “அந்த ஆளு ஆசையாக் கேட்டாரு சித்தி” என்றார்.

பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பவில்லை. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. யாரிடமும் சொல்லாமல் நான் அண்ணனுடைய வண்டியிலேயே ஏறினேன். அவர் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்கவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை. கூட்டு ரோட்டில் விசில் அடித்தார்.

சுப்பராயலு கழனிக்குப் போயிருந்தார். உண்ணாமலை வீட்டு வாசலில் சாக்கை விரித்து, மார்கழிப் பட்டத்து விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நானே உட்கார்ந்து, நானும் உரிக்க ஆரம்பித்தேன்.

“பொய் சொன்னது நானு. எங்கண்ணன் வாயில வரல” என்றேன்.

“தெரியும். கதவுக்குப் பின்னால நின்னுகினுதான இருந்தேன்.” இன்னும் நாலு காயை உடைத்துப் போட்டாள். “முடி இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமில்ல? எங்கப்பாவுக்கு முடி மேல ஒண்ணும் கோவமில்ல. அம்மன் பேரச் சொன்னீங்களே, அதான் அவுருக்கு ஆறல.”

“தப்புதான்.”

“சரி, உங்கம்மா ஒடம்புக்காக இல்ல. அப்ப அங்க போயி தலையக் குனிஞ்சிகினு இன்னாதான் வேண்டிகினாரு?”

தெரியாது என்றேன்.

“கேட்டுகினு வா.”

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. மறுபடி கூட்டு ரோட்டுக்கு நடந்தேன். வந்தவாசிக்குப் போன வண்டி திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. நிறுத்தியதும் நான் ஏறாமல் படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்டேன். அண்ணன் படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். உள்ளே சனம், “ஜல்தி போப்பா” என்று சத்தம் போட்டது. ராமதாஸ் இன்ஜினை உறுமவிட்டார்.

“ஒண்ணும் கேக்கல, பச்சை” என்றார். என் பெயர் பச்சையம்மாள், அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “கேக்க வாய் வரல. மன்னிச்சிடு தாயேன்னு மட்டும் சொன்னேன்.”

விசில் அடித்தார். வண்டி போய்விட்டது.

திரும்பி நடந்துபோய் உண்ணாமலையிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கு தலப்பா கட்டக்கூடாது. எங்க சனம் மணவறையிலியே நல்லாப் பாத்துடட்டும். பேசறதெல்லாம் அன்னிக்கே பேசி முடிச்சிடட்டும். அப்புறம் ஒரு வருசம் கழிச்சி வந்து ஒவ்வொருத்தியும் எங்கிட்ட துக்கம் விசாரிக்கக்கூடாது.”

தை மாதம் கல்யாணம் நடந்தது. அண்ணன் வெறுந்தலையோடு மணவறையில் உட்கார்ந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அவர் தலையில் இறங்கி நின்றது. பேச்சுக்குக் குறைவில்லை. “யாரு, பொண்ணோட பெரியப்பாவா உக்காந்துகீறது?” என்று பெண் வீட்டுப் பக்கத்தில் ஒருத்தி கேட்டது மணவறை வரைக்கும் கேட்டது. உண்ணாமலை திரும்பி அந்த அம்மாளைப் பார்த்து, “மாப்ளதான் சித்தி. கிட்ட வந்து பாருங்க” என்றாள். அதன்பிறகு சத்தம் கொஞ்சம் அடங்கியது. தாலி கட்டியதும் அண்ணன் தொப்பியைத் தேடவில்லை. அதற்கப்புறம் டூட்டிக்கும் அதைப் போடவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். புது ஆட்கள் ஏறி, “பெருசு, செய்யார்க்கு எவ்ளோ?” என்று கேட்கும்போது அவர் முகம் ஒரு விநாடி மாறும். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது தூணுக்குப் பின்னால் போவார். ஆனால் ரூட்டில் அவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ரோட்டோரம் நிற்பவர்கள் கம்பெனி பெயரைச் சொல்லமாட்டார்கள். “மொட்டக் கண்டக்டர் வண்டி பூடுச்சா?” என்பார்கள். போய்விட்டது என்றால் அடுத்த வண்டியை விட்டுவிட்டு அவர் திரும்பி வரும்வரை காத்திருக்கிற கிழவிகள் இருந்தார்கள். கூடையை ஏற்றிவிடுவார், இறக்கிவிடுவார், அவர்கள் கால் ஊன்றிய பிறகுதான் விசில் அடிப்பார். “பேர் எப்டி வந்தா இன்னா, வண்டி ரொம்புது” என்று சிரிப்பார்.

அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பங்காளி வீடுகளில் எந்தப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனாலும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போவார். காப்பி வருவதற்கு முன்னால், பெண் வீட்டார் முன்னால் தலையைக் கொஞ்சம் குனிந்து காட்டுவார்.

“எங்க வூட்டு ஆம்பளைங்க இருபத்தஞ்சி வயசுல இப்டித்தாங்க ஆவாங்க. இந்தப் பையனும் ஆவான். நல்லாப் பாத்துக்குங்க. இதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்லன்னா மேல பேசலாம்.”

சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு அவரைப் பிடித்துப்போய், அதனாலேயே பெண் கொடுத்தார்கள். 1983-இல் பலராமனுக்குப் பார்த்த முதல் இடம் மட்டும் அங்கேயே எழுந்துவிட்டது. பலராமனுக்கு அப்போது இருபத்து மூன்று. தலையில் நல்ல முடி, பட்டு நெய்கிறவன், அந்தப் பெண்மேல் ஆசைப்பட்டுப் போனவன். வெளியே வந்ததும் நடு ரோட்டில் கத்தினான்.

“எந்தலையில முடி கீற வரைக்கும் உந்தலைய எதுக்குண்ணா காட்ற? உன்ன யாரு கூப்ட்டாங்க?”

பலராமன் ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. அடுத்த இடம் பார்க்கும்போது காசியம்மாள் சித்தியே, “நீ வாடா தருமா, அவன் கெடக்கறான்” என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண்தான் இப்போது பலராமன் மனைவி. போன வருடம் ஒரு காலை பலராமன் எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தான். முன்னந்தலை ஏறியிருந்தது. வந்தவன் விஷயம் எதுவும் சொல்லாமல் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். அண்ணன் பாதிப் பேப்பரைப் பிரித்துக் கொடுத்தார். உண்ணாமலை இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அவர் இறந்த அன்று கம்பெனியிலிருந்து அவருடைய பையையும் விசிலையும் பேண்ட்டில் இருந்தவற்றையும் கொடுத்தார்கள். பின் பாக்கெட்டில் சீப்பு இருந்தது. காதோரம் இருக்கும் முடிக்காக வைத்திருந்தாரா, பழக்கத்தில் வைத்திருந்தாரா, தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

படத்துக்கு வருகிறேன். துக்கம் கேட்க வந்த ஸ்டூடியோ திருமலை, மூன்று படங்களையும் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “இதையே பெருசு பண்ணிடலாங்க. நான் செஞ்ச வேலைதான். இன்னிக்கும் பாருங்க, வரைஞ்சதுன்னு யாரும் சொல்ல முடியாது” என்றார்.

உண்ணாமலை மூலையில் உட்கார்ந்திருந்தாள். “நல்லாத்தான் வரைஞ்சிகீறீங்க. ஆனா இந்த ஆள எனக்குத் தெரியாதுங்களே” என்றாள். குரூப் போட்டோவில் இருப்பதை எடுக்கச் சொன்னாள்.

அவர் போன பிறகு கேட்டேன்: “அப்ப இத எதுக்கு இத்தினி வருசம் வச்சிகினு இருந்த?”

“நீங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் இதத்தான எடுத்து எடுத்துப் பாத்துகினு இருந்தேன். தூக்கிப் போட மனசு வரல.” மறுபடியும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காலையில் படம் வந்தது. குரூப்பிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதால் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து பலராமன் இழுத்துக்கொண்டு வந்து நிற்கவைத்ததால் பாதிச் சிரிப்பு. தலையில் ஃபிளாஷ் வெளிச்சம் வட்டமாக விழுந்திருந்தது. அதை எடுக்கவேண்டாம் என்று உண்ணாமலை சொல்லியனுப்பியதாகத் திருமலையின் ஆள் சொன்னான். நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். காசியம்மாள் சித்தி சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்டே போனாள். போனவள் நின்றுவிட்டாள். விரலை இங்கே கொண்டுபோனாள், அங்கே கொண்டுபோனாள்.

“நெத்தி எதுவரைக்கும்னு தெரியலியேடி” என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.



“எங்க வேணும்னாலும் வைங்க சின்னத்த” என்றாள் உண்ணாமலை. “எடம் நெறைய கீது.”

பலராமன்தான் முதலில் சிரித்தான், தன் தலையைத் தடவிக்கொண்டே. அப்புறம் ராமதாஸ், அப்புறம் அம்மா, நான். உண்ணாமலையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழ ஆரம்பித்தாள். பதினாறு நாளில் அவள் சத்தம் போட்டு அழுதது அப்போதுதான். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுவாகப் பார்த்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே தள்ளிச் சந்தனத்தை வைத்தாள்.